சிவப்பு காரை வெள்ளையாக்கலாமா? பழைய வண்டி ஒன்றின் நிறத்தை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய கார் வாங்குகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: எஞ்சின் நன்றாக இருக்கிறது, விலை கட்டுப்படியாகிறது, ஓட்டிப் பார்த்தால் பிடிக்கிறது, நிறம் மட்டும்தான் ஒத்துவரவில்லை, வாங்கிவிட்டு மாற்றிக்கொள்ளலாமா? என் பெரியம்மா மகள் வாங்கிய ஒரு ஹேட்ச்பேக்குக்கு இதே கேள்வி வந்தது. ஆம், இல்லை என்று உடனே சொல்லிவிடாமல் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, பெயிண்ட் பட்டறைகளில் பேசி, ஒரு முடிவுக்கு வந்தோம். அந்த முடிவு எப்படி உருவானது என்பதை முழுதாக எழுதுகிறேன்.

வண்டி எட்டு வருடம் ஓடியது. அடர் சிவப்பு, மெட்டாலிக் கலக்காத சாதாரண நிறம். தூரத்தில் நின்று பார்த்தால் பரவாயில்லை, கிட்டப் போனால் கூரையும் பானெட்டும் வெளிறிப்போய், கூரையில் சில இடங்களில் தோல் உரிந்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். அக்கா சொன்ன காரணங்கள் இரண்டு. அந்தச் சிவப்பு அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முதல் காரணம். வண்டி பகல் முழுக்க வெட்டவெளியில் நிற்கும், வெள்ளையாக்கினால் உள்ளே சூடு குறையும் என்பது இரண்டாவது. "தம்பி, எப்படியும் பெயிண்ட் அடிச்சுத்தான் ஆகணும். அடிக்கிறதே அடிக்கிறோம், வெள்ளையா அடிச்சிட்டா என்ன?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான், ஆனால் அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பெயிண்டைச் சரிசெய்வதும் நிறத்தை மாற்றுவதும் ஒரே அளவு வேலை, டப்பாவில் இருக்கும் கலர் மட்டும்தான் வேறு என்ற கணக்கு. நிறம் மாற்ற வேண்டும் என்று சொல்கிறவர்களில் பலருக்கும் உண்மையில் பிரச்சினை பெயிண்டின் நிலைமைதான் என்பது என் கருத்து. வெளிறிப்போன சிவப்பைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள், சிவப்பைப் பார்க்கவே இல்லை. அதனால் நிறத்தைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு, வண்டியில் இப்போது இருக்கும் பெயிண்ட் என்ன நிலையில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம் என்று சொன்னேன்.

மேலே என்ன இருக்கிறது

வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, வெளிறிய இடங்களில் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். பானெட்டின் பெரும்பகுதியில் ஈரம் இருக்கும்வரை நிறம் பளிச்சென்று திரும்பி வந்தது, காய்ந்ததும் மறுபடி மங்கியது. மேற்பரப்பு மட்டும் பழுதாகியிருக்கிறது, பாலிஷ் போட்டால் ஓரளவு மீளும் என்பதற்கு இது நல்ல அறிகுறி. கூரையின் கதை வேறு. அங்கே திட்டுகளின் விளிம்பில் நகத்தை வைத்து நகர்த்தினால் தட்டுப்பட்டது. அது நிறத்துக்கு மேலே பளபளப்புக்காகவும் பாதுகாப்புக்காகவும் அடிக்கும் நிறமற்ற அடுக்கான கிளியர் கோட் பிரிந்து உரிவது. எந்த பாலிஷாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிப்பது ஒன்றே வழி.

அப்புறம் பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டரை வைத்துப் பார்த்தோம். கம்பெனியில் அடித்த பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). துரு பிடிக்காமல் காக்கும் அடி அடுக்கு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே 40, 50 மைக்ரான் கிளியர் கோட். கதவுகளும் கூரையும் இந்த அளவுக்குள்ளேயே வந்தன. பானெட்டில் 230, 240 என்று காட்டியது, அதாவது அது ஏற்கெனவே ஒருமுறை மறு பெயிண்ட் ஆனது. இடது பக்கப் பின் பேனலில் சில இடங்களில் 600ஐத் தாண்டியது. அவ்வளவு தடிமன் என்றால் உள்ளே பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டி வைத்து இழுத்திருக்கிறார்கள், எப்போதோ அடிபட்டு ஒடுக்கெடுத்த இடம். விற்றவர் இதைச் சொல்லவில்லை. பம்பர்கள் பிளாஸ்டிக் என்பதால் இந்த மீட்டர் அங்கே வேலை செய்யாது, அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நிறம் மாற்ற நினைக்கிற யாரும் இந்தப் படியைத் தாண்டிப் போகக்கூடாது என்று அழுத்திச் சொல்வேன். புதுப் பெயிண்ட் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கீழே இருக்கும் அடுக்கு எவ்வளவு பிடிப்போடு இருக்கிறதோ அவ்வளவுதான் அதன் ஆயுள். உரியும் கிளியர் கோட்டின் மேல் அடித்தால் அதுவும் சேர்ந்து உரியும். பழைய பட்டிக்குள் ஈரம் போயிருந்தால், மேலே எந்த நிறம் இருந்தாலும் கொப்புளம் வரும்.

நிறம் மாற்றுவது என்றால் எங்கெல்லாம் அடிக்க வேண்டும்

அதே நிறத்தை மறுபடி அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வெளிப்பக்கத்தை மட்டும் அடித்தால் போதும். உள்ளே இருக்கும் பழைய சிவப்பும் வெளியே வரும் புதுச் சிவப்பும் சேர்ந்துவிடும். சிவப்பை வெள்ளையாக்கும்போது கதவைத் திறந்ததும் தெரியும் சட்டம், கதவின் உள்விளிம்பு, கீல் பக்கம், டிக்கியின் உள்வாய், பெட்ரோல் மூடியின் உள்பக்கம், பானெட்டின் அடிப்பக்கம், எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகடுகள், எல்லாமே சிவப்பாக நின்று காட்டிக்கொடுக்கும். எஞ்சின் இருக்கும் இடத்தை முறையாக அடிக்க வேண்டுமானால் எஞ்சினையே இறக்க வேண்டும், அதனால் பெரும்பாலான பட்டறைகளில் அதைத் தொடவே மாட்டார்கள். மீதி இடங்களையாவது ஒழுங்காக அடிக்கக் கதவுகளைக் கழற்ற வேண்டும், ரப்பர் பீடிங், கைப்பிடிகள், கண்ணாடிகள், விளக்குகள், உள் பேடுகள் எல்லாம் வெளியே வரவேண்டும். எட்டு வருடப் பழைய வண்டியில் பிளாஸ்டிக் கிளிப்புகள் இறுகிப்போயிருக்கும், கழற்றும்போது சில உடையும். திரும்ப மாட்டியபின் ஒரு கதவில் காற்று விசில் அடிக்கும், இன்னொன்றில் மழைத் தண்ணீர் உள்ளே வரும். பெயிண்டைப் பற்றி யோசிக்கிற அளவுக்கு இந்தக் கழற்றி மாட்டும் வேலையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, ஆனால் நிறம் மாற்றும் வேலையில் பெரும்பங்கு நேரம் போவது இங்கேதான்.

நாங்கள் போன ஒரு பட்டறையில் முழு வண்டிக்கும் வெள்ளை அடிக்க மிகக் குறைவான தொகை சொன்னார்கள். பீடிங்கைக் கழற்றுவீர்களா என்று கேட்டேன். "தேவையில்லை சார், டேப் ஒட்டி மாஸ்க் பண்ணிடுவோம்" என்றார் பெயிண்டர். அந்த ஒரு பதிலில் மொத்த வேலையும் தெரிந்துவிட்டது. ரப்பரைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடித்தால், டேப்பின் ஓரத்தில் பெயிண்ட் ஒரு கூர்மையான விளிம்பாக நிற்கும், ஒன்றிரண்டு வருடத்தில் அந்த விளிம்பிலிருந்துதான் உரியத் தொடங்கும். வேறொரு பட்டறையில் கதவு சட்டங்களையும் சேர்த்துச் செய்வதாகச் சொன்னார்கள், தொகை பல மடங்கு. இரண்டுக்கும் பெயர் 'ஃபுல் பாடி பெயிண்ட்'தான். அதனால் தொகையை ஒப்பிடுவதற்கு முன்னால் எதையெல்லாம் கழற்றுவார்கள், எதுவரை அடிப்பார்கள், உள்விளிம்புகள் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

சிவப்பின் மேல் வெள்ளை அடிப்பதில் தனியாக ஒரு சிக்கலும் உண்டு. சில சிவப்பு நிறமிகள் புதுப் பெயிண்டில் இருக்கும் கரைப்பானில் கரைந்து மேலே ஏறிவரும், வெள்ளையில் இளஞ்சிவப்புச் சாயல் தட்டும். நடுவில் சீலர் அடுக்கு ஒன்று கொடுத்து அதைத் தடுக்க வேண்டும். இதெல்லாம் சரியாகச் செய்தாலும், நாளைக்கு ஒரு சிறு கல் தெறித்தால் வெள்ளைக்கு நடுவே சிவப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும். அடர் சாம்பலிலிருந்து கறுப்புக்கோ, வெளிர் சாம்பலிலிருந்து வெள்ளைக்கோ போகிறவர்களுக்கு இந்தத் தொந்தரவு குறைவு. பழைய நிறத்துக்கும் புது நிறத்துக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு வேலையும் கூடும், குறையும் பளிச்சென்று தெரியும்.

பட்டறை பெயிண்ட் கம்பெனி பெயிண்ட் மாதிரி நிற்குமா என்று அக்கா கேட்டார். கம்பெனியில் ஒரு ஒயர்கூட இல்லாத வெறும் தகட்டுக் கூட்டைத் தொட்டியில் முக்கி எடுத்து, மேல் அடுக்குகளை 140 டிகிரி செல்சியஸ் அளவில் சூளையில் காய வைக்கிறார்கள். பிளாஸ்டிக்கும் எலக்ட்ரானிக்ஸும் உள்ள முழு வண்டியை அந்தச் சூட்டில் வைக்க முடியாது, அதனால் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் மூடிய அறையான பூத்தில் 60 டிகிரி அளவில்தான் காய வைப்பார்கள், இறுகுவதற்கு ஹார்டனர் கலந்த பெயிண்டைப் பயன்படுத்துவார்கள். நல்ல பூத்தில் நல்ல கை அடித்தால் அது பல வருடம் நிற்கும். தூசி பறக்கும் திறந்த வெளியில் அடித்தால் நிற்காது. அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது, எனவே காற்று தரும் முகமூடி இல்லாமல் ஆட்கள் அடிக்கும் இடத்துக்கு நான் வண்டியைக் கொடுக்க மாட்டேன். தன் ஆட்களின் மூச்சைப் பற்றியே கவலைப்படாத இடம் என் வண்டியைப் பற்றிக் கவலைப்படும் என்று நம்ப முடியவில்லை.

ராப் ஒட்டினால் என்ன

பெயிண்ட் வேண்டாம் என்றால் அடுத்த யோசனை வினைல் ராப், அதாவது வண்டியின் மேல் ஒட்டும் நிறப் படலம். நிறம் பிடிக்காமல் போனால் எடுத்துவிடலாம், கீழே இருக்கும் பெயிண்டும் காப்பாற்றப்படும் என்பது அதன் பெரிய பலம். நல்ல பெயிண்ட் இருக்கும் வண்டியின் நிறத்தை மாற்ற விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இதிலும் தரம் இருக்கிறது. காஸ்ட் வகைப் படலம் வளைவுகளில் இழுத்து ஒட்டியபின் சுருங்காமல் நிற்கும், காலண்டர் வகை மலிவு, ஆனால் பள்ளங்களிலிருந்து மெல்ல மெல்ல எழும்பி வந்துவிடும். நல்ல படலமே வெயிலில் சில வருடங்களுக்குத்தான், அதுவும் கதவுகளைவிடக் கூரையிலும் பானெட்டிலும் சீக்கிரம் போய்விடும். கதவு சட்டத்தின் சிவப்பு இங்கேயும் அப்படியே இருக்கும்.

அக்காவின் வண்டிக்கு ராப் ஒத்துவராது என்பது மீட்டர் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. உரியும் கிளியர் கோட்டின் மேல் ஒட்டினால் திட்டுகள் படலத்தின் வழியாகவே மேடுபள்ளமாகத் தெரியும், பின்னால் எடுக்கும்போது பெயிண்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். மறு பெயிண்ட் ஆன பானெட்டிலும் பட்டி வைத்த பேனலிலும் அதே ஆபத்து. உரித்து எடுக்கும் ரப்பர் ஸ்ப்ரே என்று ஒன்று இருக்கிறது. வீல்களுக்கு நன்றாக இருக்கும். முழு வண்டிக்கு அதை யோசிக்கவே இல்லை.

சூட்டைப் பற்றிய உண்மைக் கணக்கு

அக்காவின் இரண்டாவது காரணத்தைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை, அது வெறும் நம்பிக்கை கிடையாது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் ஒரே மாடலில் ஒரு கறுப்பு காரையும் ஒரு வெள்ளி நிறக் காரையும் வெயிலில் நிறுத்தி அளந்து 2011இல் வெளியிட்டார்கள். வெள்ளி நிறக் காரின் கூரை 25 டிகிரி வரை குளிர்ச்சியாக இருந்தது, உள்ளே இருக்கும் காற்றில் வித்தியாசம் 5, 6 டிகிரி. கூரையில் அவ்வளவு, உள்ளே இவ்வளவுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி வழியாக உள்ளே வந்து டேஷ்போர்டையும் சீட்டையும் சுடவைக்கும் வெயிலை வெளி நிறம் தடுப்பதில்லை. எனவே கண்ணாடிக்குத் திரை போடுவது, நிழல் தேடி நிறுத்துவது இரண்டும் நிறத்தோடு சேர்த்தே எண்ண வேண்டியவை. ஆனாலும் 5 டிகிரி என்பது வண்டிக்குள் ஏறுகிறவருக்குத் தெரிகிற வித்தியாசம்தான்.

பாதுகாப்புக்கும் ஒரு வாதம் உண்டு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் 2007இல் வந்த ஆய்வில், பகலில் வெள்ளைக் கார்களைவிடக் கறுப்புக் கார்களுக்கு விபத்து வாய்ப்பு சுமார் 12 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. அதற்காக மட்டும் ஒருவர் நிறத்தை மாற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டேன், முகப்பு விளக்கைப் பகலிலும் எரியவிட்டால் பார்வைக்குத் தெரிவது எளிதாகக் கூடும்.

காகிதமும் மறுவிற்பனையும்

பல நாடுகளில் வண்டியின் நிறம் பதிவு ஆவணத்திலேயே இருக்கும். மாற்றினால் அதையும் மாற்ற வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சில இடங்களில் முன் அனுமதி வேண்டும், சில இடங்களில் அடித்தபின் தெரிவித்தால் போதும், எனவே பட்டறையில் விடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் சாலையில் நிறுத்திச் சோதிக்கும்போதும் சரி, இழப்பீடு கேட்கும்போதும் சரி, சங்கடம்தான்.

விற்கும்போது என்ன ஆகும் என்பதை வாங்குகிறவர் இடத்திலிருந்து யோசித்துப் பார்த்தால் புரியும். வெள்ளைக் காரின் கதவைத் திறக்கிறார், உள்ளே சிவப்பு. பெரிய விபத்தா, திருட்டு வண்டியா, எதை மறைக்க அடித்தார்கள் என்று அவர் மனதில் ஓடும். ஆவணம் எல்லாம் சுத்தமாக இருந்தாலும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். வெள்ளை பரவலாக விரும்பப்படுகிற நிறம்தான், உலக அளவில் புதுக் கார்களில் பல வருடங்களாக அதுதான் முதலிடத்தில் இருக்கிறது. ஆனால் அந்த விருப்பம் பிறவியிலேயே வெள்ளையாக இருக்கும் வண்டிக்கானது. பெயிண்டுக்குச் செலவழித்ததை விற்பனையில் எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் நிறம் மாற்றுவது எந்தக் கணக்கிலும் சரிவராது. அடுத்த பத்து வருடம் நானே ஓட்டப்போகிறேன், தினமும் பார்க்கிற வண்டி எனக்குப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும் என்பவருக்கு இந்த நஷ்டம் பொருட்டில்லை, அவர் தாராளமாக மாற்றலாம். அக்கா மூன்று நான்கு வருடத்தில் வேறு வண்டிக்குப் போகும் எண்ணத்தில் இருந்தார்.

முடிவுக்கு வந்த விதம்

வலது முன்கதவில் ஒரு சதுர அடி அளவுக்கு மட்டும் டேப் ஒட்டி மிஷின் பாலிஷ் போட்டுக் காட்டச் சொன்னேன். எந்தப் பழைய வண்டிக்கும் பெரிய செலவுக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டிய சின்ன சோதனை இது. டேப்பை எடுத்ததும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதுதான் இந்த வண்டியோட நிறமா? இவ்வளவு ஆழமா இருக்கும்னு நினைக்கவே இல்லையேடா" என்றார். பக்கத்திலேயே பழைய மங்கல் இருந்ததால் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. சிவப்பு பிடிக்கவில்லை என்ற காரணம் அத்தோடு பாதி கரைந்துவிட்டது.

மீதி இருந்தது கூரை. அது எப்படியும் தேய்த்து அடிக்க வேண்டியது, வெயிலை நேராக வாங்குவதும் அதுதான். கூரையை மட்டும் வெள்ளையாக்கினால் என்ன என்று பேச்சு வந்தது. ஹேட்ச்பேக்குகளில் கம்பெனியே இப்படி இரண்டு நிறத்தில் தருவது உண்டு என்பதால் பார்க்கிறவர்களுக்கு விநோதமாகத் தெரியாது. இந்த வண்டியில் கூரையின் இரண்டு ஓரத்திலும் ரப்பர் பட்டை ஓடும் பள்ளம் இருக்கிறது, நிறம் மாறுவதற்கு இயல்பான எல்லை அது. கதவு சட்டங்களுக்குள் போகவே வேண்டாம், கதவைத் திறந்தால் எங்கும் சிவப்புதான், வெளியிலும் சிவப்புதான். முழு வண்டியும் வெளிர் நிறமானால் கிடைக்கும் குளிர்ச்சி கூரை மட்டும் மாறினால் கிடைக்காது என்பதை அக்காவிடம் தெளிவாகவே சொன்னேன். அதன் ஒரு பங்கு கிடைத்தால் போதும், கண்ணாடித் திரையும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். பதிவு ஆவணத்தில் இரண்டு நிறம் குறிக்க வேண்டுமா என்று விசாரித்து, அதற்கு விண்ணப்பித்த பிறகே வண்டியை விட்டோம்.

கூரையில் பழைய கிளியர் கோட்டை முழுதாகத் தேய்த்து எடுத்து, பிரைமரும் சீலரும் கொடுத்து, பள்ளத்து ரப்பரைக் கழற்றிவிட்டு வெள்ளை அடித்தார்கள். பானெட்டை மறுபடி பெயிண்ட் செய்யவில்லை, பாலிஷிலேயே போதுமான அளவு மீண்டது. மறு பெயிண்ட் ஆனதால் அதன் கிளியர் கோட்டைக் கம்பெனி பேனலைப் போல நம்ப முடியாது, அதனால் பாலிஷ் பேடை லேசாகவே ஓட்டச் சொன்னோம். ஒவ்வொரு பாலிஷும் சில மைக்ரானைத் தின்னும், புறஊதாக் கதிரைத் தடுப்பதும் அந்த அடுக்குதான், எனவே வருடா வருடம் மிஷின் போடாமல் மெழுகோ சீலன்ட்டோ பூசி வைத்துக்கொள்ள வேண்டும். புதுக் கூரைக்கு மட்டும் பெயிண்ட் முழுதாக ஆறும்வரை மெழுகு வேண்டாம் என்று பெயிண்டர் சொல்லியிருக்கிறார்.

இடது பின் பேனலைத் தொடவில்லை. பட்டி இருந்தாலும் இப்போது விரிசலோ கொப்புளமோ இல்லை, நன்றாக இருக்கும் இடத்தைக் கிளறுவதில் அர்த்தமில்லை. மழைக்காலம் முடிந்ததும் சக்கரத்துக்கு மேலே இருக்கும் விளிம்பை ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கொப்புளம் எழுந்தால் பட்டியைச் சுரண்டி எடுத்து, தகட்டைச் சரிசெய்து, அந்த ஒரு பேனலுக்கு மட்டும் கம்பெனி தரும் நிறக் குறியீட்டின்படி அதே சிவப்பு. வெளிறல் இருந்தால் குறியீட்டை மட்டும் நம்பாமல் பக்கத்துக் கதவோடு ஒப்பிட்டுக் கலக்கச் சொல்ல வேண்டும். சிவப்புக்கான குறியீடு கதவு சட்டத்தில் ஒட்டியிருக்கும் பட்டையில் இருக்கிறது. கூரையில் அடித்த வெள்ளையின் குறியீடும் கலவை விவரமும் பட்டறை ரசீதில் எழுதி வாங்கி, வண்டியின் ஆவணங்களோடு வைத்திருக்கிறோம்.